பந்துக்குப் பின்னால் நின்றவன்

ஜூன் 11, வியாழன்

காலையில் தண்ணீர் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது. வாளியில் விழும் சத்தம் கேட்டது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு கிடந்து அப்பா மெட்டுகுடாவில் கட்டிய வீடு இது. அவர் போனபின் நடுவே சுவர் வைத்துப் பிரித்தார்கள். தெருப்பக்கமும் நல்ல குழாயும் யேசுதாஸுக்கு. சந்துப்பக்கமும் மிச்சத் தண்ணீரும் எனக்கு. அவன் என் கூடப்பிறந்த மூத்தவன். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பிய என் மனைவி கனகமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"லிஸி ஃபிரான்ஸ்ல ஆடப்போறா. மேஜராம். பேர் வந்திருக்கு."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்துச் சொன்னாள். மகள் லிஸி என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. திருத்தம்: நான் அவளோடு பேசி.

உலகப் பெண்கள் கோல்ஃபில் வருஷத்துக்கு ஐந்தே மேஜர்கள். அதில் ஒன்றில் என் மகள். நான் "சரி" என்றேன். அவள் போனபின் பல் தேய்க்க மறந்து வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

ஜூன் 12, வெள்ளி

லிஸியின் பை தூக்கப்போவது யேசுதாஸின் மகள் ஆனிதானாம். நான் கேட்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிவில் போதகர் ஐயர் அறிவித்தார்: நம் சபைப் பிள்ளைகள் எலிசபெத்தும் ஆனியும் ஃபிரான்ஸ் போகிறார்கள், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை*கள்*. ஆடுகிறவளும் அவள் பையைச் சுமக்கிறவளும் ஒரே தட்டில். வெளியே வந்தால் எல்லோரும் யேசுதாஸின் கையைத்தான் பிடித்துக் குலுக்குகிறார்கள். அவன் முதல் வரிசையில் உட்காருகிறவன், கைக்கு எட்டுவான்.

எழுதிவிடுகிறேன், நெஞ்சில் வைத்து என்ன ஆகப்போகிறது.

பாலாநகர் ஃபேக்டரியில் எனக்கு வரவேண்டிய பதவியை எனக்குக் கீழே இருந்தவனுக்குக் கொடுத்த அன்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். மறுமாதம் லிஸியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆசியாவில் பெண்கள் ஆடும் இடங்களில் பாதிப் பைகளை அப்பாக்கள்தான் சுமக்கிறார்கள். கொரியர்கள், தாய்லாந்துக்காரர்கள், நாங்கள். காலைச் சாப்பாட்டில் அப்பாக்கள் ஒரு மேஜை, மகள்கள் ஒரு மேஜை. திடீரென்று ஒரு நாள் மகள் அப்பாவை நீக்கிவிடுவாள். அதுவும் அங்கே வழக்கம்தான். நீக்கப்பட்டவர் மறுநாள் கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு, தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு நடப்பார். நாங்கள் அவர் பக்கம் பார்க்காமல் இருப்போம். அதுதான் மரியாதை.

பாங்காக்கில் தகுதிச் சுற்றின் கடைசி நாள். லிஸி காலை ஊன்றி நிற்கும்போது நான் பந்துக்கு நேர் பின்னால் நின்றேனாம். பை சுமக்கும் கேடி அப்படி நின்று குறி பார்த்துச் சொல்லக்கூடாது என்று விதி. நான் குறி பார்க்கவில்லை, காற்றைப் பார்த்தேன். அவள் தயங்கித் திரும்பினாள். "அடி" என்றேன். அடித்தாள். ரெஃபரி வந்தார். இரண்டு அடி தண்டனை. ஒரே ஒரு அடியில் அந்த வருஷத்து ஆட்ட உரிமை போயிற்று. அவள் பின்வாங்கி, நான் நகர்ந்தபிறகு மறுபடி நின்றிருந்தால் தண்டனையே கிடையாது. விதியிலேயே அந்த விலக்கு இருக்கிறது. பின்வாங்காதது யார்? இதையெல்லாம் விளக்கி மூன்று முறை டூர் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று முறையும் மிகப் பணிவாக "இல்லை" என்று பதில் வந்தது. அந்த விதி இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

விமான நிலையத்தில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, போனில் செய்தி அனுப்பினாள். "டாடி, இனிமே நான் வேற கேடி வச்சுக்கிறேன்." பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு.

பிறகு கச்சிபௌலியில் கணினி வேலையில் இருந்த ஆனி, யேசுதாஸின் மகள், வேலையை விட்டுவிட்டு அந்தப் பையை எடுத்துக்கொண்டாள். கோல்ஃப் ஸ்டிக்குக்கும் குடைக்கும் வித்தியாசம் தெரியாத பெண். வீட்டில் பாதி போதாதென்று இதுவும் அவனுக்கு.

ஜூன் 23, செவ்வாய்

கனகமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் ஆடினதும் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்லா, அதுக்குப் பேர்தான கட்?"

"ஆமா."

"அதுல போயிட்டா விட்டுருவாளாம்."

"எதை?"

"கோல்ஃபை. ஆனி இருந்த ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கா. ஆகஸ்ட்ல சேரலாமாம். எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு."

"அப்புறம் ஏன் சொல்லுத?"

"வெங்காயத்துக்கிட்ட சொன்னேன்."

இருபத்து நாலு வயது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். நிற்கட்டும். எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

சோறு இறங்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

ஆட்டம் தொடங்கிவிட்டது. காட்டுகிற சேனல் யேசுதாஸ் வீட்டில்தான் இருக்கிறது. கனகமணி மூன்றரைக்கே அங்கே போய்விட்டாள். போகும்போது, "கௌரவம் பாக்காம வாங்க" என்றாள். நான் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அதில் ஒரு கொடுமை. போனில் படம் அரை நிமிஷம் தாமதமாக வருகிறது. இங்கே லிஸி ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல். என் மகள் அடிப்பதை எனக்கு முன்னால் யேசுதாஸ் பார்க்கிறான். காதில் பஞ்சு வைத்தேன். ஃபேனை ஐந்தில் வைத்தேன். பிரயோஜனம் இல்லை, அவனுக்கு எப்போதும் பெரிய குரல்.

ஆனால் நன்றாக அடித்தாள். மைதானத்துக்கு விதித்த கணக்கில் மூன்று அடி மிச்சம்.

ஜூலை 10, வெள்ளி

மழைத் தூறலில் ஆடினார்கள். எட்டாவது குழியில் பந்து ஏரிப்பக்கம் சரிந்து போனது. நேரே குழிக்கு அடிக்காதே, பக்கவாட்டில் எடு, பக்கவாட்டில் எடு என்று போனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில்தான் எடுத்தாள். ஆனி சொல்லியிருக்க முடியாது.

கட் தாண்டிவிட்டாள். ஒரே அடியில்.

கனகமணி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் தோசை வார்த்தேன். சும்மா எழுதிவைக்கிறேன்: தோசை வட்டமாக வந்தது.

ஜூலை 11, சனி

ஏழு. ஒரே நாளில் ஏழு அடி குறைவு. எத்தனை பேரைத் தாண்டிப் போனாள் என்று எண்ணத் தோன்றவில்லை. இப்போது முன்னால் இருப்பது ஒரே ஒரு கொரியப் பெண். நாளை இருவரும் கடைசி ஜோடியாக ஆடுவார்கள்.

மாலையில் பஞ்சை எடுத்துவிட்டேன். சுவரில் காதை வைத்துத்தான் கேட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூலை 12, ஞாயிறு

எழுதவேண்டும். எழுத்து பெரிதாக வருகிறது, பரவாயில்லை.

கடைசிக் குழி. அவளும் கொரியப் பெண்ணும் சமம். அந்தப் பெண்ணின் பந்து குழியை ஒட்டி நின்றுவிட்டது, ஒரு அடி வீணாயிற்று. லிஸிக்குப் பத்தடி தூரத்தில் பந்து. ஒரே அடியில் உள்ளே போனால் அவள்தான் சாம்பியன்.

போனில் பார்க்கிறேன். லிஸி எழுந்து பந்தருகே போய்க் காலை ஊன்றினாள். குழியைச் சுற்றிய பச்சையின் சரிவைப் பார்த்துச் சொல்ல அவளுக்குப் பின்னால் குந்தியிருந்த ஆனி எழவில்லை. நேர் பின்னால். அதே இடம். நான் நின்ற இடம்.

நகரு என்றேன். ஆனி, நகரு தாயீ.

லிஸி தலையைத் திருப்பினாள். காலை எடுத்தாள். பந்தை விட்டுப் பின்னால் வந்து, பச்சையின் ஓரம்வரை நடந்து, தொப்பியைச் சரிசெய்தாள். அப்போதுதான் ஆனி திடுக்கிட்டு எழுந்து ஒதுங்கினாள். லிஸி திரும்பப் பந்திடம் நடந்து வருகிறாள் —

சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யேசுதாஸ், மதினி, என் மனைவி, மூன்று குரலும் கலந்து. என் போனில் அவள் இன்னும் காலைக்கூட ஊன்றவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே பார்த்தேன். அவள் நின்றாள், தலையை ஒருமுறை தூக்கிக் குழியைப் பார்த்தாள், தட்டினாள். பந்து சரிவில் இறங்கி, வளைந்து, விளிம்பைத் தொட்டு உள்ளே போயிற்று.

கத்த வாயைத் திறந்தேன். அப்போது உணர்ந்தேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கூச்சல் அறுந்தாற்போல் நின்றிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"லேய் நோவா. கதவத் தெற டே."

ஒன்பது வருஷம். பனியனும் கைலியுமாக நின்றான்.

"ஆனி பின்னால நின்னுட்டாளாம்லா. ரெண்டு அடி கூட்டிருவாங்களாம். ரெஃபரி வந்து நிக்கான், டிவில அதையே போட்டுப் போட்டுக் காட்டுதான். ஒனக்குத்தான் டே அந்த விதி தெரியும். சொல்லு, போச்சா?"

இரண்டு அடி கூட்டினால் கோப்பை கொரியப் பெண்ணுக்கு. யேசுதாஸின் மகள், அதே தவறு, உலகமே பார்க்க. இப்படி ஒன்று நடக்க நான் எத்தனை நாள் கற்பனை செய்திருப்பேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு மூச்சு நேரம் பதில் சொல்லவில்லை. அந்த மூச்சை அனுபவித்தேன் என்றே எழுதுகிறேன். பொய் எழுதுவதற்கு நாட்குறிப்பு எதற்கு.

"அடிக்கதுக்கு முன்னால லிஸி பின்வாங்கிட்டாளா?"

"வாங்கினா."

"ஆனி எந்திச்சு நகர்ந்த பெறகுதான திரும்பக் கால வச்சா?"

"ஆமா. ஆமாலே."

"அப்ப ஒண்ணும் கெடையாது. பத்தாவது விதி, ரெண்டாவது பிரிவு. விலக்கு இருக்கு."

"சத்தியமா?"

"அண்ணே, மூணு தடவ எழுதிப் போட்டிருக்கேன் அந்த விலக்க."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "வந்து அவளுககிட்ட சொல்லு. ரெண்டு பொம்பளையளும் அங்க அழுதுட்டு இருக்காளுக." பிடித்த பிடியை விடவில்லை. சந்து வழியாகச் சுற்றி, தெருப்பக்கம் போய், அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதுகூட எனக்கு நினைவில்லை.

பெரிய டிவி. அதில் ரெஃபரி காதில் கருவியை அழுத்திக்கொண்டு யாரோடோ பேசுகிறார். லிஸி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஆனி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறாள்.

"தண்டனை இல்லை" என்றேன்.

கனகமணி மூக்கைத் துடைத்தாள். "பாங்காக்லயும் இதைத்தான சொன்னீங்க?"

"அங்க அவ பின்வாங்கல."

"பேசாம இருங்க."

"பாரு, இப்ப கையை இப்படி விரிச்சு ஆட்டுவாரு."

ரெஃபரி நிமிர்ந்தார். லிஸியிடம் ஏதோ சொன்னார். கையை விரித்து ஆட்டினார்.

பிறகு நடந்தது வரிசையாக ஞாபகம் இல்லை. ஆனி புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், லிஸி அவள்மேல் விழுந்தாள், யாரோ இருவர்மீதும் தண்ணீரை ஊற்றினார்கள். மதினி முழங்காலிட்டு ஜெபிக்க ஆரம்பித்தவள் நடுவில் எழுந்து டிவியைப் பார்த்துவிட்டு மறுபடி முழங்காலிட்டாள். அண்ணன் கைலியோடு தெருவுக்கு ஓடினார். போகிற ஆட்டோக்காரரை நிறுத்தி, தெலுங்கில் பாதி உருதுவில் பாதி, "மா பில்லலு, வேர்ல்ட் ஜீத்தே" என்று, நம் பிள்ளைகள் உலகத்தையே ஜெயித்துவிட்டதாகக் கத்தினார். ஆட்டோக்காரர் "கிரிக்கெட்டா சார்?" என்றார். "நை பாய், கோல்ஃப்" என்று சொல்லிவிட்டு, அதை விளக்க என்னைக் கைநீட்டிக் காட்டினார். நான் விளக்கினேன். அந்த மனிதர் பாவம், மீட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

என் மகள் மேஜர் சாம்பியன். இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். என் மகள் மேஜர் சாம்பியன்.

ஜூலை 13, திங்கள்

காலையிலிருந்து போன் அடிக்கிறது. பாலாநகரில் என் பதவியில் உட்கார்ந்தவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அது அடித்து ஓய்வதை முழுசாகக் கேட்டேன். எவ்வளவு நல்ல ரிங்டோன் அது, இத்தனை நாள் கவனிக்கவில்லை.

மதியம் ஒரு கோல்ஃப் கிளப்பின் செயலாளர் கூப்பிட்டார். பெயர் எழுதமாட்டேன். லிஸிக்குப் பதினைந்து வயதில் அங்கே ஒரு போட்டி. மழைக்கு ஒதுங்கிய என்னை, பை தூக்குகிறவர்கள் சாப்பாட்டு அறைப் பக்கம் வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னவர். இன்று, "நோவா சார், உங்கள் குடும்பத்துக்கு ஆயுள் உறுப்பினர் மரியாதை தரக் குழு ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்பதை எழுத்தில் தரச் சொன்னேன். அந்தப் பக்கம் இருமினார்.

சின்னத்தனம் என்று கனகமணி சொல்கிறாள். இருக்கட்டும். பெரிய மனதுக்கு வேறு நாள் இருக்கிறது.

லிஸி அம்மாவோடு பேசினாள். நான் அடுப்படியில் இருந்தேன். "டாடி பாத்தாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "பாத்தார்" என்றாள் கனகமணி.

ஜூலை 16, வியாழன்

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் மாலைகள், கேமராக்கள், யாரோ ஒரு அமைச்சரின் ஆட்கள். அண்ணனும் நானும் ஒரு தூணை ஒட்டி நின்றோம். ஆனிதான் முதலில் எங்களைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள், அவள் அப்பாவிடம் அல்ல.

"சித்தப்பா, அஞ்சு நிமிஷம் செத்துப் போய்ட்டேன். நீங்க எப்படி ரெண்டு வருஷம் இருந்தீங்க?"

அவள் தோளிலிருந்து பையை வாங்கினேன். எடை மாறியிருக்கிறது, இப்போது குறைத்துத்தான் வைக்கிறார்கள். அவள் கெட்டிக்காரி. குடையை வெளிப்பக்கம் கட்டியிருந்தாள். நான் இதை ஏன் செய்யவில்லை?

வீட்டில் கூட்டம் கலைந்தபின் லிஸியும் நானும் முன்னறையில். கோப்பை ஃபிரிட்ஜின் மேல் இருந்தது, வேறு இடமில்லை. அவள் ஃபோம் மெத்தையில் காலை நீட்டியிருந்தாள். நான் நாளிதழைப் பிடித்திருந்தேன். மன்னிப்பு யார் கேட்பது என்று தெரியாமல் இருவரும் இருந்தோம். நான் கேட்பதாக இல்லை. அவளும் என் மகள்தான்.

கடைசியில் நான் கேட்டது வேறு.

"கடைசிக் குழில, பின்வாங்கணும்னு யாரு சொன்னது?"

"யாரும் இல்ல டாடி."

"பின்ன?"

"சிரிக்கக்கூடாது. காலை வச்சப்போ உங்க குரல் கேட்டுச்சு. தலைக்குள்ள. நீங்க எங்கயோ பின்னாடி நின்னு கத்துற மாதிரி."

நாளிதழை இறக்கினேன். "என்னன்னு கத்தினேன்?"

"'அடி'ன்னு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதான் பின்வாங்கிட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கனகமணி கரண்டியோடு ஓடிவந்தாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று. லிஸி மெத்தையில் புரண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றவேண்டியதாயிற்று.

"நக்கோ டாடி, அழாதீங்க."

"அழல. சிரிச்சா எனக்கு இப்படித்தான்."

எப்படியும், கேட்டது என் குரல்தான். அதில் மாற்றமில்லை.

ஜூலை 19, ஞாயிறு

பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்து கிளம்பிவிட்டார்கள், இந்த வருஷத்தின் அடுத்த மேஜருக்கு. கச்சிபௌலி ஆபீசுக்கு ஆனி போனில் சொல்லிவிட்டாள், லிஸி வரமாட்டாள் என்று.

அண்ணன் கோயிலில் என்னையும் முதல் வரிசைக்கு இழுத்தார். போகவில்லை. மூன்றாவது வரிசைவரை போனேன்.

ஜூலை 28, செவ்வாய்

அங்கே பயிற்சி நாள். சாயங்காலம் அண்ணனும் நானும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கனகமணியின் போனுக்கு அல்ல, என்னுடையதற்கு.

"டாடி, ஒரு ரூல் டவுட்."

"சொல்லு."

"பச்சைல என் பந்து நிக்குது. ஒரு நாய் வந்து தூக்கிட்டு ஓடிருது. என்ன பண்ணணும்?"

கோல்ஃப் ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிற பதில் இது. தண்டனை கிடையாது, பந்து இருந்த இடத்திலேயே இன்னொன்றை வைத்து ஆடவேண்டும். மேஜர் சாம்பியனுக்குத் தெரியாதா?

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பந்து நின்றிருந்தால் ஒரு விதி, உருண்டுகொண்டிருந்தால் வேறு விதி என்று ஆரம்பித்தேன். இருந்த இடம் சரியாகத் தெரியாவிட்டால் எப்படி மதிப்பிடுவது, நாய்க்குப் பதில் பறவையாக இருந்தால், பார்க்க வந்த மனிதராக இருந்தால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. "ம்" என்றாள். "அப்புறம்?" என்றாள். காபி ஆறிப்போயிற்று.

போனை வைத்தபின் அண்ணன் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதக் கேக்கவா டே அங்கேயிருந்து போன் போட்டா?"

"ஆமா" என்றேன். "அது கொஞ்சம் சிக்கலான விதி."